பல எஸ்விஎன் புராஜெக்ட்டுகளை ஒரே கிட் ரெப்போவாக்கும்போது: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்க

எஸ்விஎன் (சப்வெர்ஷன்), கிட் இரண்டும் நிரல் கோப்புகளின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கருவிகள்; அந்த வரலாறு இருக்கும் கிடங்குதான் ரெப்போ. பல எஸ்விஎன் புராஜெக்ட்டுகளை ஒரே கிட் ரெப்போவாக்கும் வேலையில் பிழை கண்ணில் படும் இடம் ஒன்று, அது உண்டான இடம் வேறொன்று. எல்லாப் புராஜெக்ட்டுகளையும் இணைத்து, புது ரெப்போவைக் குழுவுக்குக் கொடுத்த பிறகுதான் “இந்தக் கோப்பின் பழைய வரலாறு எங்கே போச்சு?” என்ற கேள்வி வரும். ஆனால் அந்தக் குறை இரண்டு கட்டம் முன்னாலேயே உள்ளே வந்திருக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் தீர்வோடு, எந்தக் கட்டத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் சொல்கிறேன். இணைத்து முடித்த ரெப்போவில் கையால் ஒட்டுப்போடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். குறை வந்த கட்டத்துக்குப் போய்த் திருத்தி, அதற்குப் பிறகு உள்ள எல்லாவற்றையும் ஸ்கிரிப்ட்டால் மறுபடி ஓட்டுவதுதான் நிம்மதியான வழி.

கட்டங்கள் மூன்று. முதல் கட்டத்தில் ஒவ்வொரு புராஜெக்ட்டையும் கிட் எஸ்விஎன் க்ளோன் கட்டளையால் தனித்தனியாக எடுக்கிறோம் (கிட் எஸ்விஎன் என்பது எஸ்விஎன் வரலாற்றை கிட் வடிவில் எடுக்கும் கருவி; க்ளோன் என்றால் வரலாற்றோடு கூடிய நகல்). இரண்டாவதில் அதை நகலெடுத்து, பிராஞ்ச் (வளர்ச்சிக் கிளை), டேக் (ஒரு பதிப்புக்கு வைக்கும் அடையாளம்) பெயர்களை ஒழுங்காக்கி, கோப்புகளையெல்லாம் புராஜெக்ட் பெயரில் ஒரு ஃபோல்டருக்குள் தள்ளி வரலாற்றையே திருத்தி எழுதுகிறோம். இதற்கு கிட் ஃபில்டர்-ரெப்போ என்ற கருவி. மூன்றாவதில் புது ரெப்போ ஒன்றில் எல்லாவற்றையும் மெர்ஜ் செய்கிறோம், அதாவது ஒன்றாக இணைக்கிறோம். எடுத்துக்காட்டுக்கு பில்லிங், ஸ்டாக், காமன் என்று மூன்று புராஜெக்ட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கட்டளைகளை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். நீளமான தேர்வுகளுக்கு முன் இரண்டு ஹைஃபன் போட வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

## “எஸ்விஎன் இஸ் நாட் எ கிட் கமாண்ட்” அல்லது “கான்ட் லொகேட் எஸ்விஎன்/கோர்.பிஎம்”

கிட் எஸ்விஎன் பெர்ல் மொழியில் எழுதப்பட்டது. பல லினக்ஸ் வகைகளில் அது கிட்டோடு சேர்ந்து வராது, தனிப் பொதியாக நிறுவ வேண்டும். இரண்டாவது செய்தி வந்தால் சப்வெர்ஷனுக்கான பெர்ல் இணைப்பு இல்லை என்று பொருள்: டெபியன், உபுண்டுவில் லிப்எஸ்விஎன்-பெர்ல், ஃபெடோராவில் சப்வெர்ஷன்-பெர்ல்.

மாற்றும் வேலை முழுவதையும் லினக்ஸில் செய்யுங்கள். விண்டோஸ், மேக் கணினிகளின் வழக்கமான கோப்பு முறைமை பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. பழைய எஸ்விஎன் வரலாற்றில் எழுத்தளவு மட்டும் மாறிய பெயர்கள் இருந்தால் அங்கே ஒரு கோப்பு இன்னொன்றின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும்.

## “ஆதர் ... நாட் டிஃபைன்ட் இன் ... ஃபைல்” என்று பாதியில் நின்றுவிடுகிறது

எஸ்விஎன்னில் கமிட் செய்தவரின், அதாவது ஒரு மாற்றத்தைப் பதிந்தவரின், லாகின் பெயர் மட்டுமே இருக்கும். கிட்டுக்குப் பெயரும் மின்னஞ்சலும் வேண்டும். அதற்காகத்தான் ஆதர்ஸ்-ஃபைல். ஒரு வரிக்கு ஒருவர்: இடப்பக்கம் லாகின், சமக்குறி, பிறகு பெயர், கோண அடைப்புக்குள் மின்னஞ்சல். விடுபட்ட பெயரை அந்தக் கோப்பில் சேர்த்துவிட்டு, க்ளோன் ஃபோல்டருக்குள் போய் கிட் எஸ்விஎன் ஃபெட்ச் கொடுங்கள். நின்ற இடத்திலிருந்து தொடரும். க்ளோனை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு பெயருக்கும் இப்படி நின்று நின்று போகாமல் இருக்க, முன்கூட்டியே எஸ்விஎன் லாக் கட்டளையை அமைதி முறையில், அதாவது கியூ தேர்வோடு ஓட்டுங்கள். நேர்கோட்டுக் குறிகளுக்கு இடையே இரண்டாவதாக வருவதுதான் லாகின். அதை மட்டும் பிரித்து, வரிசைப்படுத்தி, திரும்ப வருவதை நீக்கினால் முழுப் பட்டியல் கையில். கமிட் செய்தவர் பெயரே இல்லாத பழைய ரிவிஷன்கள் (எஸ்விஎன்னின் எண்ணிட்ட கமிட்கள்) இருந்தால் “(நோ ஆதர்)” என்று அடைப்புக்குறியோடு ஒரு வரி சேர்க்க வேண்டும்.

பல புராஜெக்ட்டுகளைச் சேர்க்கும்போது இங்கே ஒரு கூடுதல் கவனம் தேவை. எல்லாம் ஒரே எஸ்விஎன் சர்வரில் இருந்தால் ஒரே ஆதர்ஸ் கோப்பு போதும். வெவ்வேறு சர்வர்கள் என்றால் ஒரே லாகின் இரண்டு இடத்திலும் இரண்டு வேறு ஆட்களைக் குறிக்கலாம். அப்போது சர்வருக்கு ஒரு கோப்பு வையுங்கள். மறுபக்கம், ஒரே ஆள் இரண்டு லாகினில் இருந்தால் இரண்டு கோப்பிலும் பெயரும் மின்னஞ்சலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஒருவருடைய உழைப்பு வேறொருவர் பெயரில் பதிவாகிவிட்டால் அது அவருக்குச் செய்யும் அநியாயம். பிறகு, பெயர்களை மாற்றிக் காட்டும் மெயில்மேப் கோப்பால் காட்சியைத்தான் திருத்த முடியும், கமிட்டை அல்ல.

## க்ளோனுக்குள் டிரங்க், பிராஞ்சஸ், டேக்ஸ் என்ற ஃபோல்டர்களே தெரிகின்றன

லேஅவுட் எது என்று, அதாவது டிரங்க் (முதன்மைக் கோட்), பிராஞ்ச், டேக் எந்தெந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்று, கிட் எஸ்விஎன்னுக்குச் சொல்லவில்லை. அது முழு மரத்தையும் ஒரே ஃபோல்டராக எடுத்துக்கொண்டது. எஸ்விஎன்னில் பிராஞ்ச் என்பது ஒரு ஃபோல்டர் நகல்தானே, எல்லா நகலும் உங்கள் டிஸ்க்கில் வந்து இறங்கியிருக்கும். இதை இரண்டாம் கட்டத்தில் சரிக்கட்ட முயல வேண்டாம். முதல் கட்டத்தை மறுபடி செய்யுங்கள்.

பில்லிங் என்ற ஃபோல்டருக்குள் டிரங்க், பிராஞ்சஸ், டேக்ஸ் மூன்றும் இருந்தால், அந்த ஃபோல்டரின் முகவரியைக் கொடுத்து ஸ்டிட்லேஅவுட் தேர்வைச் சேர்த்தால் போதும்.

தலைகீழ் அமைப்பும் உண்டு. மேலே ஒரே டிரங்க், அதற்குள் பில்லிங், ஸ்டாக், காமன். பிராஞ்சஸுக்குள் ஒவ்வொரு பிராஞ்சிலும் மறுபடி அதே மூன்று. இங்கே ஸ்டிட்லேஅவுட் உதவாது. கிட் கான்ஃபிக் கோப்பில் எஸ்விஎன்-ரிமோட் பகுதியை நீங்களே எழுதலாம்: ஃபெட்ச் வரியில் டிரங்க்/பில்லிங், பிராஞ்சஸ் வரியில் பிராஞ்சஸ்/*/பில்லிங், டேக்ஸ் வரியில் டேக்ஸ்/*/பில்லிங். நட்சத்திரக் குறி எஸ்விஎன் பக்கத்தில் நடுவில் வரலாம், ஆனால் தனியொரு ஃபோல்டர் பெயராக நிற்க வேண்டும். கிட் பக்கத்தில் அது கடைசிப் பகுதியாகத்தான் வர முடியும்.

இந்தத் தலைகீழ் அமைப்பு உங்களுக்கு இருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். மூன்றும் ஏற்கெனவே ஒன்றாகவே பிராஞ்ச் ஆகி, ஒன்றாகவே டேக் ஆகியிருக்கின்றன. அப்படியானால் பிரித்து எடுத்து மறுபடி ஒட்ட வேண்டிய தேவையே இல்லை. மேல் முகவரியை ஸ்டிட்லேஅவுட்டோடு அப்படியே க்ளோன் எடுத்தால் ஒரே ரெப்போ, ஒரே வரலாறு, சரியான பிராஞ்சுகள். கீழே வரும் பாதிச் சிக்கல்கள் உங்களுக்கு வரவே வராது.

## “ஃபைல்சிஸ்டம் ஹாஸ் நோ ஐட்டம்” என்று எச்சரிக்கை, பெயரில் @ உள்ள விசித்திர பிராஞ்சுகள்

முதல் செய்தியைக் கண்டு பயப்பட வேண்டாம். கிட் எஸ்விஎன் பழைய வரலாற்றைத் தேடி, அந்த ரிவிஷனில் இல்லாத பாதையையும் தட்டிப் பார்க்கிறது. கவலைப்படாதீர்கள் என்று அதுவே அடுத்த வரியில் சொல்கிறது. காத்திருங்கள்.

டிரங்க்@1234 போன்ற பிராஞ்சுகள் வேறு கதை. “ஃபவுண்ட் பாசிபிள் பிராஞ்ச் பாயின்ட்”, பிறகு “இனிஷியலைசிங் பேரன்ட்” என்ற வரிகள் திரையில் ஓடியிருக்கும். புராஜெக்ட் ஒரு காலத்தில் வேறு ஃபோல்டரில் இருந்து இடம் மாறியிருந்தால், அந்தப் பழைய இடத்தின் வரலாற்றை இழுத்து வந்து இப்படிப் பெயர் வைக்கிறது. அந்த வரலாறு உங்கள் டிரங்குக்கு முன்னோராகச் சேர்ந்துவிட்டிருந்தால் நல்லதே நடந்திருக்கிறது. @ உள்ள பெயரை மட்டும் இரண்டாம் கட்டத்தில் நீக்கலாம், கமிட்கள் போகாது. நீக்கும் முன் கிட் பிராஞ்ச் கட்டளையை கன்டெயின்ஸ் தேர்வோடு ஓட்டி, அந்தக் கமிட் டிரங்கின் வழியாகவும் எட்டுகிறதா என்று பாருங்கள்.

ஸ்டாக்கின் ஒரு பகுதி முன்பு பில்லிங்குக்குள் இருந்து பிரிந்தது என்றால், பில்லிங்கின் பழைய வரலாறு இரண்டு க்ளோனிலும் வரும். இணைத்த பிறகு ஒரே கமிட் செய்தி இரண்டு முறை, இரண்டு ஃபோல்டருக்கு என்று தெரியும். இது இழப்பு அல்ல. தொந்தரவாக இருந்தால் ஸ்டாக்கை மட்டும் நோ-ஃபாலோ-பேரன்ட் தேர்வோடு எடுக்கலாம். ஆனால் ஸ்டாக்கின் வரலாறு பிரிந்த நாளில் தொடங்கும். என் கருத்து: இரட்டை வரலாற்றையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரியை யார் ஏன் எழுதினார் என்று தேடுபவருக்கு அதன் அருமை தெரியும்.

## இணைப்பு அறுந்துகொண்டே இருக்கிறது. “செக்சம் மிஸ்மேட்ச்” வருகிறது

கிட் எஸ்விஎன் ஒவ்வொரு ரிவிஷனாகக் கேட்டு வாங்குகிறது. தொலைவில் உள்ள சர்வரிலிருந்து பெரிய வரலாற்றை எடுத்தால் நேரம் பிடிக்கும், நடுவில் அறுபடவும் செய்யும். அறுந்தால் கிட் எஸ்விஎன் ஃபெட்ச் கொடுத்துத் தொடரலாம்.

பல புராஜெக்ட்டுகளை எடுக்கப்போகிறீர்கள், திருத்தித் திருத்தி மறுபடி ஓட்டப்போகிறீர்கள் என்றால் சர்வரின் நகலை உள்ளூரில் வைத்துக்கொள்வது மிகப் பெரிய உதவி. எஸ்விஎன்அட்மின் கிரியேட் மூலம் வெற்று ரெப்போ ஒன்றை உருவாக்குங்கள். அதன் ஹூக்ஸ் ஃபோல்டரில் (குறிப்பிட்ட செயல்களின்போது தானாக ஓடும் ஸ்கிரிப்ட்டுகளின் இடம்) ப்ரீ-ரெவ்ப்ராப்-சேஞ்ச் என்ற ஸ்கிரிப்ட் எப்போதும் பூஜ்யத்தைத் திருப்பும்படி எழுதி, இயக்கும் அனுமதியும் கொடுங்கள். இதை விட்டுவிட்டால் “ரிவிஷன் ப்ராப்சேஞ்சை ஏற்க ரெப்போ அனுமதிக்கப்படவில்லை” என்ற பொருளில் பிழை வரும். அப்புறம் நகலெடுக்கும் கட்டளைகள்: எஸ்விஎன்சிங்க் இனிட், எஸ்விஎன்சிங்க் சிங்க். இது பாதியில் நின்று, அடுத்த முறை பூட்டு கிடைக்கவில்லை என்று அடம்பிடித்தால், ரிவிஷன் பூஜ்யத்தில் எஸ்விஎன்:சிங்க்-லாக் என்ற பண்பு தங்கிவிட்டது என்று பொருள். வேறு யாரும் சிங்க் ஓட்டவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, எஸ்விஎன் ப்ராப்டெல் கட்டளையை ரெவ்ப்ராப் தேர்வோடு ஓட்டி அதை நீக்குங்கள்.

உள்ளூர் நகலிலிருந்து க்ளோன் எடுத்தால் கமிட் செய்தியின் அடியில் சேரும் கிட்-எஸ்விஎன்-ஐடி வரியில் உங்கள் கணினியின் கோப்புப் பாதை பதிந்துவிடும். யூஸ்-எஸ்விஎன்சிங்க்-ப்ராப்ஸ் தேர்வைச் சேர்த்தால் மூல சர்வரின் முகவரியே பதியும். இந்தத் தேர்வை முதல் க்ளோனிலேயே கொடுக்க வேண்டும்.

செக்சம் (உள்ளடக்கத்தைச் சரிபார்க்கும் எண்) மிஸ்மேட்ச் வந்தால் முதலில் கோர்.ஆட்டோசிஆர்எல்எஃப் அமைப்பைப் பாருங்கள். வரி முடிவை கிட் மாற்றிக்கொண்டிருந்தால் எஸ்விஎன் எதிர்பார்க்கும் செக்சம் ஒத்துப்போகாது. அதை அணைத்துவிட்டு, கிட் எஸ்விஎன் ரீசெட் கட்டளையில் ஆர் தேர்வோடு பிழை வந்த ரிவிஷன் எண்ணையும், அந்த ரிவிஷனையும் சேர்த்துத் தூக்கிவிட பி தேர்வையும் கொடுங்கள். பிறகு ஃபெட்ச். மறுபடியும் அதே கோப்பில் வந்தால் இன்னும் பின்னால், அந்தக் கோப்பு முன்பு மாறிய ரிவிஷன்வரை ரீசெட் செய்யுங்கள்.

## “எஸ்விஎன் செர்ரி-பிக் இக்னோர்ட்”

எச்சரிக்கைதான். எஸ்விஎன்:மெர்ஜ்இன்ஃபோ பண்பைப் படித்து, ஒரு பிராஞ்ச் முழுவதும் மெர்ஜ் ஆகியிருந்தால் கிட் எஸ்விஎன் மெர்ஜ் கமிட் உருவாக்கும். சில ரிவிஷன்கள் மட்டும் எடுத்துவரப்பட்டிருந்தால் (இதுவே செர்ரி-பிக்) சாதாரணக் கமிட்டாகவே விட்டுவிடும். கோப்புகளின் உள்ளடக்கத்தில் எந்தக் குறையும் இல்லை. கடந்து போங்கள்.

## நகலெடுத்த ரெப்போவில் மாஸ்டர் மட்டுமே இருக்கிறது, பிராஞ்சும் டேக்கும் காணோம்

முதல் கட்டத்தின் க்ளோனை கிட் க்ளோன் கட்டளையால் நகலெடுத்திருப்பீர்கள். கிட் எஸ்விஎன் கொண்டுவரும் பிராஞ்சுகள் ரெஃப்ஸ்/ரிமோட்ஸ்/ஆரிஜின் என்பதன் கீழே இருக்கின்றன. சாதாரண கிட் க்ளோன் ரெஃப்ஸ்/ஹெட்ஸ், ரெஃப்ஸ்/டேக்ஸ் இரண்டை மட்டுமே கொண்டுபோகும். எனவே புதிய வெற்று ரெப்போ ஒன்றில், ரிமோட்ஸ்/ஆரிஜின் கீழே உள்ளதை ஹெட்ஸுக்கு இணைக்கும் ரெஃப்ஸ்பெக் (எந்தப் பெயர் எங்கே போக வேண்டும் என்ற விதி) கொடுத்து ஃபெட்ச் செய்யுங்கள். டேக்ஸ் உட்ஃபோல்டர் மட்டும் ரெஃப்ஸ்/டேக்ஸுக்குப் போகட்டும்.

இதே இடத்தில் மூன்று விஷயங்களைக் கவனித்துவிடுங்கள். கிட் எஸ்விஎன் ஃபெட்ச் புதிய கமிட்களை ரிமோட் பக்கம் மட்டுமே சேர்க்கும், உள்ளூர் மாஸ்டர் நகராது. “கடைசி வாரக் கமிட்கள் வரவில்லை” என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மாஸ்டரை நம்பாமல் ஆரிஜின்/டிரங்கிலிருந்தே எடுங்கள். அடுத்து, எஸ்விஎன்னில் அழிக்கப்பட்ட பிராஞ்சுகளும் கிட்டில் இருக்கும். எஸ்விஎன் எல்எஸ் கொடுத்து உயிரோடு உள்ளவற்றோடு ஒப்பிட்டு, எதை வைப்பது என்று குழுவோடு பேசி முடிவெடுங்கள். பெயரில் இடைவெளி இருந்த பிராஞ்சுகள் %20 என்று வந்திருக்கும், அவற்றுக்கு நல்ல பெயர் வையுங்கள்.

டேக் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எஸ்விஎன்னில் டேக் போடுவதே ஒரு கமிட். ஆகவே கிட்டில் அந்த டேக், டிரங்கின் கமிட்டின் மேல் இல்லாமல், அதிலிருந்து கிளைத்த ஒற்றைக் கமிட்டின் மேல் நிற்கும். அருகிலுள்ள டேக்கைச் சொல்லும் கிட் டிஸ்கிரைப் ஓட்டினால் எந்த டேக்கும் கிடைக்காது. ஒவ்வொரு டேக்குக்கும் அந்தக் கமிட்டின் மர ஹாஷையும் (முழு ஃபோல்டர் உள்ளடக்கத்தின் அடையாள எண்) அதன் பெற்றோரின் மர ஹாஷையும் ஒப்பிடும் சின்ன ஸ்கிரிப்ட் எழுதுங்கள். இரண்டும் ஒன்றானால் டேக்கைப் பெற்றோரின் மேல் நகர்த்தலாம். வேறுபட்டால் டேக் போட்ட பிறகு யாரோ அதற்குள் மாற்றம் செய்திருக்கிறார்கள், அல்லது கலப்பு ரிவிஷன்கள் உள்ள ஒர்க்கிங் காப்பியிலிருந்து டேக் போட்டிருக்கிறார்கள். அதை நகர்த்தாமல் அப்படியே விடுங்கள். வாடிக்கையாளருக்குப் போன கோட் அதுதான்.

## ஃபில்டர்-ரெப்போ “ஃப்ரெஷ் க்ளோன் போலத் தெரியவில்லை” என்று மறுக்கிறது

நல்ல மறுப்பு இது. வரலாற்றைத் திரும்பப் பெற முடியாதபடி மாற்றும் கருவி என்பதால், உங்களிடம் வேறு நகல் இருக்கிறதா என்று தன் வழியில் கேட்கிறது. ஃபோர்ஸ் தேர்வு கொடுத்து மீறலாம். ஆனால் நீங்கள் நிற்பது முதல் கட்டத்தின் க்ளோனில் அல்ல, நகலில்தான் என்று உறுதிசெய்த பிறகே. தவறுதலாக மூலத்திலேயே ஓட்டிவிட்டால், கமிட் ஹாஷ்கள் எல்லாம் மாறி, கிட் எஸ்விஎன் வைத்திருக்கும் ரிவிஷன் வரைபடம் எதோடும் பொருந்தாது. அப்போது க்ளோனை மறுபடி எடுப்பதே வழி. கிட் எஸ்விஎன் ரீபேஸ் ஓட்டும்போது “அனேபிள் டு டிடர்மின் அப்ஸ்ட்ரீம் எஸ்விஎன் இன்ஃபர்மேஷன்” என்று வந்தாலும் சந்தேகம் இந்தப் பக்கமே திரும்பட்டும்.

## “ரெஃப்யூசிங் டு மெர்ஜ் அன்ரிலேட்டட் ஹிஸ்டரீஸ்”

2016-இல் வந்த கிட் 2.9 முதல் இப்படி நிற்கும். பொது மூதாதை இல்லாத இரண்டு வரலாறுகளை நீங்கள் வேண்டுமென்றே சேர்க்கிறீர்கள் என்பதால், அலோ-அன்ரிலேட்டட்-ஹிஸ்டரீஸ் தேர்வு கொடுங்கள்.

அதன் பிறகு “கான்ஃப்ளிக்ட் (ஆட்/ஆட்)” என்று ரீட்மீ, மேக்ஃபைல் போன்ற கோப்புகளில் வந்தால் உடனே மெர்ஜை நிறுத்துங்கள். இரண்டு புராஜெக்ட்டின் கோப்புகளும் ரெப்போவின் மேல்மட்டத்திலேயே மோதுகின்றன. இரண்டாம் கட்டம் ஏதோ ஒன்றுக்கு நடக்கவில்லை. ஃபோல்டருக்குள் தள்ளியது சரியாக நடந்திருந்தால் இந்த மெர்ஜில் ஒரு மோதல்கூட வர வழியில்லை. மோதல் வருவதே அந்தச் சோதனை தோற்றதற்கு அடையாளம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

## கிட் லாகில் ஒரு கோப்புக்கு ஒரே ஒரு கமிட் தெரிகிறது

நான் மிகவும் முக்கியம் என்று நினைக்கும் அறிகுறி இது. ரெப்போ பார்க்கச் சரியாக இருக்கும், பில்ட் ஆகும், மொத்தக் கமிட்களை எண்ணினாலும் குறையாது. ஆனால் பில்லிங்/வரி.சி என்று பாதை கொடுத்து லாக் கேட்டால் மெர்ஜ் கமிட் மட்டும் வரும்.

கிட் சப்ட்ரீ ஆட் அல்லது ரீட்-ட்ரீ கட்டளையை ப்ரிஃபிக்ஸோடு பயன்படுத்தி இணைத்திருந்தால் இப்படித்தான் ஆகும். அந்த வழியில் பழைய கமிட்களுக்குள் கோப்பு மேல்மட்டத்தில் வரி.சி என்றே இருக்கிறது; மெர்ஜ் கமிட்டில்தான் பில்லிங் ஃபோல்டருக்கு வருகிறது. கிட் பெயர் மாற்றத்தைப் பதிவு செய்வதில்லை, பார்க்கும்போது ஊகிக்கிறது. ஒவ்வொரு வரியையும் யார் மாற்றினார் என்று காட்டும் கிட் ப்ளேம், முழுக் கோப்பின் இடமாற்றத்தைத் தாண்டிப் போய்விடுவதால், ப்ளேம் மட்டும் பார்த்துவிட்டு “எல்லாம் சரியாக இருக்கே” என்று நினைத்துவிட வாய்ப்பு அதிகம். லாகின் ஃபாலோ தேர்வு ஒரு நேரத்தில் ஒரு கோப்புக்கு மட்டுமே வேலை செய்யும். ஒரு ஃபோல்டரின் வரலாற்றை அதைக் கொண்டு பார்க்க முடியாது.

தீர்வு மூன்றாம் கட்டத்தில் இல்லை. இரண்டாம் கட்டத்துக்குப் போய், ஒவ்வொரு புராஜெக்ட்டிலும் ஃபில்டர்-ரெப்போவை டூ-சப்டைரக்டரி-ஃபில்டர் தேர்வில் பில்லிங் என்று கொடுத்து ஓட்டுங்கள். முதல் கமிட்டிலிருந்தே கோப்பு பில்லிங் ஃபோல்டருக்குள் இருந்ததாக வரலாறு மாற்றி எழுதப்படும். பிறகு மெர்ஜ் செய்தால் லாக், ப்ளேம், பைசெக்ட் (பிழை நுழைந்த கமிட்டைத் தேடும் கட்டளை) எல்லாமே எந்தத் தேர்வும் இல்லாமல் முழு வரலாற்றைக் காட்டும். பழைய ஹாஷ்கள் மாறுவதுதான் இதன் விலை; அவை எஸ்விஎன்னிலிருந்து இப்போதுதான் பிறந்தவை, யாரும் எங்கும் குறித்து வைத்திருக்கப் போவதில்லை.

ஃபில்டர்-பிராஞ்ச் என்ற பழைய கட்டளையாலும் இதைச் செய்யலாம். ஆனால் மிக மெதுவாக ஓடும், நுணுக்கமான இடங்களில் சறுக்கும். ஃபில்டர்-ரெப்போவைப் பயன்படுத்தும்படி கிட்டின் ஆவணமே சொல்கிறது.

## “வுட் க்ளாபர் எக்சிஸ்டிங் டேக்” அல்லது “கேனாட் லாக் ரெஃப்”

பில்லிங்கிலும் வி1.0 உண்டு, ஸ்டாக்கிலும் வி1.0 உண்டு. ஒரு ரெப்போவில் ஒரு பெயருக்கு ஒரே டேக். சில சூழலில் பிழையே வராமல் முதலில் வந்தது நின்று, மற்றது சத்தமில்லாமல் விடுபடும், அதுதான் ஆபத்து. இரண்டாம் கட்டத்திலேயே ஃபில்டர்-ரெப்போவின் டேக்-ரீநேம் தேர்வால் எல்லா டேக்குக்கும் முன்னொட்டு கொடுத்துவிடுங்கள்: பில்லிங்-வி1.0, ஸ்டாக்-வி1.0. பிராஞ்சுகளுக்கும் அதே மாதிரி பில்லிங்/ரிலீஸ்-2 என்று பெயர் மாற்றலாம்.

அப்படிச் செய்யும்போது இரண்டாவது பிழை எட்டிப் பார்க்கும். பில்லிங் என்ற பெயரிலேயே ஒரு பிராஞ்ச் ஏற்கெனவே இருந்தால், பில்லிங்/ரிலீஸ்-2 உருவாகாது. ஒரே பெயர் கோப்பாகவும் ஃபோல்டராகவும் இருக்க முடியாதது போன்ற தடை. அந்தத் தனிப் பிராஞ்சின் பெயரை முதலில் மாற்றுங்கள்.

## பழைய பிராஞ்சுக்குப் போனால் மற்ற புராஜெக்ட்டுகள் மறைந்துவிடுகின்றன

இது பிழை அல்ல. பில்லிங்/ரிலீஸ்-2 இணைப்புக்கு முந்தைய காலத்தின் பிராஞ்ச், அதில் பில்லிங் மட்டும்தான் இருந்தது. பழைய கமிட்டை செக்அவுட் செய்தாலும் இதே நிலைதான். பைசெக்ட் செய்யும்போது பில்லிங் ஃபோல்டரைப் பாதையாகக் கொடுத்தால் மற்றவற்றின் கமிட்களில் சுற்றாது.

ஆனால் ரிலீஸ்-2 இன்னும் உயிரோடு உள்ள பிராஞ்ச், மூன்று புராஜெக்ட்டும் ஒன்றாக பில்ட் ஆக வேண்டும் என்றால் என்ன செய்வது? மெயினை (இணைத்த ரெப்போவின் முதன்மைப் பிராஞ்ச்) அதற்குள் மெர்ஜ் செய்யத் தோன்றும். வேண்டாம், பில்லிங்கின் வெளியிடாத மாற்றங்களும் ரிலீஸுக்குள் வந்துவிடும். அதற்குப் பதிலாக, பில்லிங்/ரிலீஸ்-2, ஸ்டாக்/ரிலீஸ்-2, காமன்/ரிலீஸ்-2 மூன்றையும் மெயினை இணைத்த அதே முறையில் தங்களுக்குள் இணைத்து, ரிலீஸ்-2 என்று புது பிராஞ்ச் உருவாக்குங்கள். பின்னால் அதை மெயினுக்குள் மெர்ஜ் செய்யும்போது ஒவ்வொரு புராஜெக்ட்டும் பிரிந்த இடத்தை கிட் தனித்தனியாகக் கண்டுபிடித்துக்கொள்ளும். உயிரோடு உள்ள பிராஞ்சுகளுக்கு மட்டும் இதைச் செய்தால் போதும்.

## கோட் எல்லாம் இருக்கிறது, ஆனால் பில்ட் உடைகிறது

எஸ்விஎன்னின் பண்புகளில் எக்சிக்யூட்டபிள் ஒன்றைத்தான் கிட் எஸ்விஎன் கோப்பில் அப்படியே பிரதிபலிக்கும். எக்ஸ்டர்னல்ஸ் (வேறிடத்துக் கோப்புகளை இழுத்துவருவது), இஓஎல்-ஸ்டைல் (வரி முடிவு), கீவேர்ட்ஸ் (கோப்புக்குள் ரிவிஷன் எண் போன்றதை நிரப்புவது) போன்றவை மாற்றப்படாமல் நிற்கும். எவை விடுபட்டன என்று யோசித்து மண்டையை உடைக்க வேண்டியதில்லை: முதல் கட்டத்தின் க்ளோனில் கிட் ஃபோல்டருக்குள் எஸ்விஎன் ஃபோல்டரில் ஒவ்வொரு ரெஃபுக்கும் அன்ஹேண்டில்ட்.லாக் என்ற கோப்பு இருக்கும். அதைத் தேடிப் படியுங்கள்.

எக்ஸ்டர்னல்ஸ்தான் பெரும்பாலும் பில்ட்டை உடைப்பது. பில்லிங்குக்குள் லிப் என்ற இடத்தில் காமன் வந்து இறங்கும்படி எஸ்விஎன்னில் அமைத்திருப்பார்கள். இணைத்த ரெப்போவில் காமன் பக்கத்து ஃபோல்டராகவே இருக்கிறது. ஆகவே சப்மாட்யூல் (ரெப்போவுக்குள் இன்னொரு ரெப்போ) எதுவும் வேண்டாம், பில்ட் கோப்பில் பாதையை மாற்றினால் முடிந்தது. ஒரே ரெப்போவாக்குவதன் உண்மையான லாபமே இங்கேதான் கிடைக்கிறது. பழைய கமிட்கள் மட்டும் தானாக பில்ட் ஆகாது, அதைக் குழுவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

வெற்று ஃபோல்டர்களை கிட் வைத்துக்கொள்ளாது. பில்ட் அவற்றை எதிர்பார்த்தால் முதல் கட்டத்தில் ப்ரிசர்வ்-எம்ப்டி-டர்ஸ் தேர்வைச் சேர்க்க வேண்டும். எஸ்விஎன்:இக்னோர் பட்டியலை கிட் எஸ்விஎன் ஷோ-இக்னோர் மூலம் எடுத்து கிட்இக்னோர் கோப்பாக்கலாம். நிரலின் பதிப்பு எண் இருக்க வேண்டிய இடத்தில் டாலர் குறிகளுக்கு நடுவே ரிவிஷன் என்ற சொல் மட்டும் தெரிந்தால், அது கீவேர்ட்ஸ் விரிவு நின்றுபோனதால். பில்ட் நேரத்தில் கிட் டிஸ்கிரைப் டேக்ஸ் தேர்வோடு தரும் விடையை அங்கே எழுத வையுங்கள்.

## புஷ் மறுக்கப்படுகிறது, கோப்பு மிகப் பெரியது என்கிறது

எப்போதோ ஏற்றி அழித்த இன்ஸ்டாலர் வரலாற்றில் இருக்கும். கிட்ஹப் 100 எம்பிக்கு மேலான கோப்பு உள்ள புஷ்ஷை ஏற்காது. இரண்டாம் கட்டத்தில் ஃபில்டர்-ரெப்போவை அனலைஸ் தேர்வோடு ஓட்டினால் பெரிய கோப்புகளின் பட்டியல் தரும். பிறகு ஸ்ட்ரிப்-ப்ளாப்ஸ்-பிக்கர்-தேன் தேர்வால் நீக்கலாம். இன்றைய டிரங்குக்குத் தேவையான கோப்பும் அந்த அளவைத் தாண்டுகிறதா என்று முதலில் பாருங்கள், அதையும் இது நீக்கிவிடும்.

## “ஆர்1234” என்று பழைய பக் குறிப்பில் இருக்கிறது, எந்தக் கமிட் என்று தெரியவில்லை

நோ-மெட்டாடேட்டா தேர்வோடு க்ளோன் எடுத்திருந்தால் கிட்-எஸ்விஎன்-ஐடி வரி போய்விட்டிருக்கும். வரலாறு பார்க்கச் சுத்தமாக இருக்கும் என்று பலர் அதைச் சேர்க்கிறார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன், பல ரெப்போக்களைச் சேர்க்கும்போது நிச்சயமாக மாட்டேன். இரண்டு எஸ்விஎன் சர்வர்களில் 1234 என்ற ரிவிஷன் தனித்தனியாக இருக்கும். அந்த வரியில் உள்ள முகவரியும் யூயூஐடி என்ற ரெப்போ அடையாள எண்ணும்தான் எது எதன் 1234 என்று சொல்லும். அந்த வரி இருந்தால் கிட் லாகை க்ரெப் தேர்வோடு ஓட்டி நொடியில் கண்டுபிடிக்கலாம்.

## மாற்றி முடித்த பிறகும் எஸ்விஎன்னில் கமிட் வருகிறது

மாற்றும் நாளில் எஸ்விஎன் சர்வரின் ப்ரீ-கமிட் ஹூக்கில் பூஜ்யமல்லாத மதிப்பைத் திருப்பும் ஸ்கிரிப்ட் வையுங்கள். அது பிழை வழியில் எழுதும் வாசகம் கமிட் செய்தவரின் திரையில் தெரியும். புது ரெப்போவின் முகவரியை அதில் எழுதுங்கள்.

அதற்கு முன்பே சில கமிட்கள் நுழைந்துவிட்டால் பதற வேண்டாம், புது ரெப்போவில் இன்னும் யாரும் வேலை தொடங்கவில்லை என்றால் வழி சுலபம். தொடாமல் வைத்த முதல் கட்ட க்ளோன்களில் கிட் எஸ்விஎன் ஃபெட்ச் கொடுத்து, இரண்டாம், மூன்றாம் கட்ட ஸ்கிரிப்ட்டை மறுபடி ஓட்டுங்கள். ஒரே உள்ளீட்டுக்கு ஃபில்டர்-ரெப்போ அதே ஹாஷ்களையே தரும். மெர்ஜ் கமிட் மட்டும் நேரத்தைப் பொறுத்து மாறும். அதையும் நிலைநிறுத்த கிட் ஆதர் டேட், கிட் கமிட்டர் டேட் என்ற சூழல் மாறிகளில் ஒரே தேதியை ஸ்கிரிப்ட்டிலேயே எழுதி வையுங்கள். வேலை தொடங்கிவிட்டது என்றால், மறுபடி ஓட்டியதைத் தனி ரெப்போவாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து புதிய கமிட்களை மட்டும் செர்ரி-பிக் செய்து மெயினில் சேர்க்கலாம்.

திறந்துவிடும் முன் ஒவ்வொரு புராஜெக்ட்டின் டிரங்குக்கும் உயிருள்ள பிராஞ்சுகளுக்கும் ஓர் ஒப்பீடு நடத்துங்கள். எஸ்விஎன் எக்ஸ்போர்ட் கட்டளையை இக்னோர்-கீவேர்ட்ஸ் தேர்வோடும், நேட்டிவ்-இஓஎல் தேர்வில் எல்எஃப் என்றும் கொடுத்து ஓட்டி ஒரு ஃபோல்டர் எடுங்கள். கிட் ஆர்கைவால் இன்னொன்று எடுத்து, டிஃப் கட்டளையை ஆர் தேர்வோடு ஓட்டுங்கள். அந்த இரண்டு தேர்வுகளையும் விட்டுவிட்டால் கீவேர்ட் விரிவும் வரி முடிவும் நூற்றுக்கணக்கான பொய் வேறுபாடுகளைக் காட்டி, உண்மையான ஒன்றை அவற்றுக்குள் மறைத்துவிடும். கிட்இக்னோர், வெற்று ஃபோல்டர், எக்ஸ்டர்னல்ஸால் வந்தவை, நீங்களே வேண்டுமென்று மாற்றியவை தவிர வேறு எதுவும் பட்டியலில் வரக் கூடாது. வந்தால் அந்தக் கோப்பின் பெயரை வைத்து மேலே உள்ள அறிகுறிகளில் தேடத் தொடங்குங்கள்.